கையில் ஒட்டிய கருவியும் கூடத்தில் இருந்த கைபேசியும்

சின்ன காஞ்சிபுரத்திலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் பட்டு நெசவாளர் ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்பவர். சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சாரை மேற்கையில் பொருத்தி ஒரு வாரமே ஆகியிருந்தது. ஒரு விடியற்காலையில் உடல் வியர்த்து, பேச்சுக் குழறிய நிலையில் அவரை மனைவி கண்டார். நல்லவேளையாக உடனே சர்க்கரைக் கரைசல் கொடுத்ததால் தேறினார்.

“கருவி ஏன் எச்சரிக்கவில்லை?” என்று குடும்பத்தார் கேட்டனர். கருவியில் பழுதில்லை. கைபேசி கூடத்தில் மின்னேற்றத்தில் இருந்தது. அவரோ தறிக்கு அப்பால் உள்ளறையில் உறங்கியிருக்கிறார்.

இவ்வகைக் கருவிகள் பலவற்றில், சென்சார் தானாக ஒலிக்காது, ஒலிப்பது கைபேசியே. இரண்டையும் இணைப்பது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் புளூடூத். நோக்கியா நிறுவனம் 2006இல் ‘வைப்ரீ’ என்ற பெயரில் அறிவித்த இந்நுட்பம், 2010இல் புளூடூத் 4.0 தரத்தில் இடம்பெற்றது. இதன் சிக்கனம் உறக்கத்தில் இருக்கிறது. செய்தி அனுப்பும் பகுதி பெரும்பாலும் உறங்கும். அவ்வப்போது சில மில்லிநொடிகள் விழித்து, மிகச் சிறிய செய்தியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கும். நாணயம் அளவுள்ள கருவி 10 முதல் 14 நாள் உழைப்பது இதனால்தான்.

இச்சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு. அலையின் வலிமை மிகக் குறைவு. தடையில்லாத இடத்திலேயே பல கருவிகளுக்கு எல்லை ஏறத்தாழ 6 மீட்டர். இது பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் ஈர்த்துக்கொள்ளும். நம் உடலிலோ பெரும்பகுதி நீர். கருவியுள்ள கை அடியில் இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்தால் உடலே தடையாகிறது. அழுத்தத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டுவதும் உண்டு.

இன்னொன்றைக் கவனியுங்கள். சில கருவிகள் 8 மணி நேர அளவுகளைத் தம்முள் சேமித்துவைக்கும். காலையில் கைபேசியை அருகில் கொண்டுவந்ததும் விடுபட்ட கோடு முழுமையாக நிரம்பிவிடும். அதைப் பார்ப்பவருக்கு இரவு முழுவதும் காவல் இருந்ததாகவே தோன்றும். ஒலிக்க வேண்டிய நேரத்தில் மணி ஒலித்திருக்காது. ஆகவே ‘இணைப்பு துண்டிப்பு’ எச்சரிக்கையையும் இயக்கிவையுங்கள். கைபேசியை ஒலியடக்கத்தில் வைக்காதீர்கள்.

அளவு 70க்குக் கீழே இறங்கினால் 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். அறிகுறியும் எண்ணும் பொருந்தாவிட்டால் விரல்நுனி இரத்தத்தில் சோதியுங்கள். நினைவிழந்தவருக்கு வாய்வழியே எதுவும் தராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

“தலைமாட்டில் கைபேசி இருந்தால் கதிர்வீச்சு கெடுதல் இல்லையா?” என்று அவர் மனைவி கேட்டார். சென்சார் அனுப்புவது ஏறத்தாழ ஒரு மில்லிவாட். கைபேசி கோபுரத்துடன் பேசும்போது 200 மில்லிவாட் வரை செலவிடும். மனம் ஒப்பாவிட்டால் இரவில் இணையத்தை அணைத்துவிடலாம், மணி ஒலிக்கும். புளூடூத்தை மட்டும் அணைக்கக் கூடாது.