இறாக்கையிலே தொலைந்த நூல்

நூலகத்தை நாடும் வாசகர் அடையும் ஏமாற்றங்களுள் தலையாயது, பட்டியலில் உள்ள நூல் இறாக்கையில் இல்லாமற் போவதாகும். அதனை எவரும் இரவல் கொண்டு சென்றாரல்லர். அது களவு போனதுமன்று. யாரோ ஒருவர் எடுத்துப் புரட்டிவிட்டு, சமையற்கலை நூல்களினிடையே சைவ சித்தாந்த நூலைச் செருகிச் சென்றிருப்பார். பத்தாயிரம் நூல்களுள் இடம் மாறிய ஒன்று, இல்லாத நூலுக்கு ஒப்பானதே.

இக்குறையைத் தீர்க்கும் வழியொன்றைச் சிங்கப்பூர் கைக்கொண்டது. தமிழ் உட்பட நான்கு மொழி நூல்களைப் பேணிவரும் அந்நாட்டுத் தேசிய நூலக வாரியம், 1998ஆம் ஆண்டிலே புக்கிட் பாத்தோக் நூலகத்தில், நூல்களினுள்ளே காகிதம் போன்ற மெல்லிய வில்லைகளை ஒட்டிப் பரீட்சித்தது. சில ஆண்டுகளில் ஏனைய பொது நூலகங்களுக்கும் அம்முறை பரவிற்று. மிகச் சிறிய சில்லொன்று, அதனைச் சுற்றி ஓடும் உலோகச் சுருள், இவ்வளவே அவ்வில்லை. மின்கலம் கிடையாது. வாசிப்பான் எனும் கருவி ரேடியோ அலைகளை வீசுங்கால், அவ்வலையிலிருந்தே வேண்டிய மின்சக்தியைப் பெற்று, வில்லை தன் இலக்கத்தைக் கூறிவிடும். ஆர்.எவ்.ஐ.டி. என்று சுருக்கமாக வழங்குவது இதுவே.

பழைய பட்டைக்கோட்டு முறையில் ஒவ்வொரு நூலாக எடுத்து ஒளிக்குக் காட்டவேண்டும். இங்கோ ஐந்தாறு நூல்களை அடுக்காக மேசையில் வைத்தாற் போதும். யாவும் ஒருங்கே பதிவாகிவிடும். நூலகம் பூட்டியிருக்கும் வேளையிலும் சுவர்த் துவாரத்தில் நூலைப் போட்டுச் செல்லலாம். ஆயினும், வரிசையில் நிற்கும் நேரம் குறைவது எமது கருத்திற் சிறிய நன்மையே. பெரிய நன்மை இறாக்கையில் உண்டு. கையடக்க வாசிப்பானை இறாக்கை நெடுகக் கொண்டு சென்றால், எந்நூல் இடந்தவறி நிற்கின்றதென அது காட்டிக்கொடுக்கும். இப்பணியைத் தானே செய்யும் ரோபோ ஒன்றையும் சிங்கப்பூர் ஆய்வாளர் அமைத்துப் பாசிர் ரிஸ் நூலகத்திற் சோதித்தனர். 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தவரும், பின்னர் யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கு ஆலோசனை வழங்கியவருமான எஸ். ஆர். அரங்கநாதன், வாசகரின் காலத்தைப் பேணுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். அவர் இக்கருவியைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் போலும்.

ஆனால் நூலைத் தொடரும் கண், அதை வாசிப்பவரையும் தொடராதோ? 2004இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் மொல்னார், டேவிட் வாக்னர் ஆகிய இருவரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். வில்லையில் நூலின் பெயர் இல்லாவிடினும், அதன் இலக்கம் மாறுவதில்லை. பொருத்தமான வாசிப்பானுடன் அருகே வருபவர், இன்ன இலக்கமுள்ள நூல் இன்னாரின் பையில் உளதென அறியக்கூடும். அமெரிக்காவிலே 2001ஆம் ஆண்டின் தேசப்பற்றுச் சட்டம், நூலகப் பதிவேடுகளைப் புலனாய்வாளர் கோருவதற்கும் இடமளித்திருந்த காலம் அது. தன் நோயைப் பற்றியோ, அரசுக்கு உவப்பில்லாத கொள்கையைப் பற்றியோ ஒருவர் வாசித்ததைப் பிறர் அறிவாராயின், அடுத்தமுறை அந்நூலைத் தொட அவர் அஞ்சமாட்டாரா?

எனவே கருவி வாங்க முற்படும் நூலகங்கள் இரண்டினை வற்புறுத்தல் வேண்டும். வில்லையில் இலக்கமன்றி வேறெதுவும் பதியலாகாது. நூல் திரும்பியதும் இரவல் பெற்றவரின் பெயர் கணனியிலிருந்து நீங்கவேண்டும். இவற்றை முதல் வில்லையை ஒட்டுமுன்னரே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். ஒட்டி முடிந்தபின், ஆயிரமாயிரம் நூல்களை மறுபடியும் திறந்து வில்லைகளை மாற்ற எந்தச் சிற்றூர் நூலகத்திடமும் பணமிராது.