பிறந்த நாள் கேட்ட பாட்டு

"காதல் பாட்டுப் பாடிக் காசு சேர்ப்பவனுக்கும் நமக்கும் என்ன உறவு?" என்று கேட்கிறார்கள் நண்பர்கள் சிலர். மேடையிலே கொள்கை முழங்க வேண்டிய நேரத்தில் இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதா என்பது அவர்களது கோபம். கோபம் நல்லதுதான், ஆனால் ஆளறிந்து காட்ட வேண்டும். அமெரிக்கக் கறுப்பர், கண் பார்வையற்றவர், ஸ்டீவி வொண்டர் என்ற பாடகரிடம் அந்தக் கோபம் செல்லுமா, பார்ப்போம்.

1950 மே 13-ல் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர். மாதம் நிறையாத பிள்ளை. உயிர் காக்க வைத்த பெட்டியிலே பிராணவாயு மிகுந்துபோய்க் கண்ணைப் பறித்துக்கொண்டது. குடும்பம் டெட்ராய்ட்டுக்குக் குடியேறிற்று. கார் செய்யும் ஊர் அது! அங்கே கார்த் தொழிற்சாலையில் உழைத்த பெர்ரி கார்டி என்பவர், வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-ல் தொடங்கியதுதான் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம். உறுப்பு உறுப்பாகப் பூட்டிக் காரை வெளியே அனுப்புவதுபோலப் பாட்டையும் செய்து அனுப்பலாம் என்று கண்டுகொண்ட மனிதர். எழுத ஒருவர், வாசிக்கப் பலர், தரம் பார்த்துத் தள்ள ஒரு கூட்டம்! அந்தப் பாட்டுப் பட்டறைக்குள் 11 வயதில் நுழைந்தான் சிறுவன். 13 வயதில், 1963-ல், அவனுடைய 'ஃபிங்கர்டிப்ஸ்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம். தனித்துப் பாடி அவ்வளவு இளம் வயதில் அந்த இடத்தைப் பிடித்தவர் வேறு எவருமில்லை.

பாடியவன் சிறுவன், ஒப்பந்தமோ பெரியவர்கள் எழுதியது. 1971-ல் 21 வயது நிரம்பிற்று. பழைய ஒப்பந்தம் முடிந்தது. அப்போது அவர் கேட்டது என்ன? பங்குத் தொகையை உயர்த்து என்றார், அத்தோடு நிற்கவில்லை. என் பாட்டை எப்படிச் செய்வதென்று நானே முடிவு செய்வேன், அதை வெளியிடும் உரிமை என் நிறுவனத்திடம் இருக்கட்டும் என்றார். பெற்றும் விட்டார். கூலி உயர்வுக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை ஆலையிலே நிற்கும் தோழருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

உரிமை வந்த கையோடு என்ன பாடினார்? 'யூ ஆர் தி சன்ஷைன் ஆஃப் மை லைஃப்' என்ற காதல் பாட்டு, 1973-ல் முதலிடம். "பார்த்தீர்களா!" என்பர் நண்பர்கள். பொறுங்கள். அதே 1973-ல் வந்தது 'லிவிங் ஃபார் தி சிட்டி'. மிசிசிப்பியின் வறுமையிலே பிறந்த இளைஞன் நியூயார்க்கில் வந்து இறங்குகிறான், இறங்கியதும் கைது, பத்தாண்டுச் சிறை. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டு. வானொலிக்கென வெட்டிய சிறு தட்டில் பாதி நீளம்தான். கைதுக் காட்சியைக் காணோம்! கத்தரிக்கோலுக்கு எங்கே வெட்டுவதென்று எப்போதும் தெரிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு, நிக்சனைச் சாடி ஒரு பாட்டு. அது வெளிவந்த ஆகஸ்டிலேயே நிக்சன் பதவி துறந்தார். பாட்டினால் துறந்தார் என்று நாம் அளக்கமாட்டோம். வாட்டர்கேட் போதுமானதாக இருந்தது.

ஆனால் பாட்டு சட்டத்தின் கதவைத் தட்டிய கதை ஒன்றுண்டு. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரலில் சுட்டுக் கொல்லப்பட்ட நான்காம் நாள், அவர் பிறந்த நாளை நாட்டு விடுமுறையாக்கக் கோரி மசோதா கொண்டுவந்தார் டெட்ராய்ட் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ். ஆண்டுகள் உருண்டன. 1979-ல் ஐந்து வாக்குக் குறைவால் தோற்றது. 1980-ல் வொண்டர் 'ஹேப்பி பர்த்டே' பாடினார். கிளர்ச்சிப் பாட்டன்று, கைதட்டி, குழந்தைகளும் கூடப் பாடக்கூடிய பிறந்த நாள் வாழ்த்து! 1981 ஜனவரி 15-ல் வாஷிங்டனில் பெருங்கூட்டம் கூட்டினார். அறுபது இலட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. எதிர்த்து நின்ற ரீகனே 1983 நவம்பர் 2-ல் கையெழுத்திட நேர்ந்தது. 1986 ஜனவரியில் முதல் விடுமுறை. கோரிக்கையைச் சுமந்தவர் பலர். அதைத் தெருவில் போகிறவன் வாயிலும் ஏற்றியது இந்த மெட்டு.

அடுத்த பாட்டு, நம் காதுக்கு அவர் பாட்டுகளிலேயே சர்க்கரை அதிகமானது: 1984-ல் வந்த 'ஐ ஜஸ்ட் கால்ட் டு சே ஐ லவ் யூ'. படப் பாட்டு. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடம். 1985 பிப்ரவரியில், வாஷிங்டனிலுள்ள தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன்னே நிறவெறியை எதிர்த்து நின்று கைதானார் வொண்டர். மார்ச்சில் இந்தப் பாட்டுக்கு ஆஸ்கார் பரிசு. மேடையேறியவர், 1962 முதல் சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரால் அதை ஏற்பதாக அறிவித்தார். மறுநாளே தென்னாப்பிரிக்க அரசின் ஒலிபரப்புக் கழகம் அவர் பாடல்கள் அனைத்துக்கும் தடை போட்டது.

துப்பாக்கியும் சிறையும் வைத்திருந்த அந்த அரசு வாயடைத்த பாட்டிலே இருந்ததெல்லாம், ஒருவன் தன் காதலியைத் தொலைபேசியில் அழைத்து அன்பைச் சொன்னதுதான்!