கால் மைல் ஓட எவ்வளவு டயர் வேண்டும்?

ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தைக்கு அருகே ஒரு பஞ்சர் கடை. ஓசூரில் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் தம் சிறிய காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார். "அண்ணே, டிராக் பந்தயத்துல ஓட்டப் போறேன். இருக்கிறதுலயே அகலமான டயரா நாலு போடுங்க" என்றார். கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "போடலாம் தம்பி, திரும்பும்போது மட்கார்டுல இடிச்சா எங்கிட்ட வரக்கூடாது" என்றார். மாணவர்களே, இவர்களில் யார் பக்கம் நியாயம் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

டிராக் பந்தயத்தில் வளைவுகள் இல்லை. நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு, நேர்த்தடத்தில் கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரத்தை யார் முதலில் கடக்கிறார் என்பதே போட்டி. நம் மாநிலத்துக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், 1950-களிலேயே பந்தயங்கள் நடந்தன. 1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் திறக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள்களுக்கான தேசிய டிராக் பந்தயங்கள் அங்கே நடந்துள்ளன. ஓசூர் டி.வி.எஸ். நிறுவனமும் 1982 முதல் பந்தயக் குழு ஒன்றை நடத்திவருகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓட்டுநரோடு சேர்த்துக் காரின் எடை 1000 கிலோ என்க. இன்றைய சிறு கார்கள் பெரும்பாலும் முன்சக்கரங்களால் இயங்குபவை. எஞ்சினும் முன்னால்தான். ஆகவே முன்சக்கரங்களின் மேல் 600 கிலோ இருக்கும். ஒரு முன்டயருக்கு 300 கிலோ. பெட்ரோல் பங்கில் "30 காற்று வை" என்கிறோமே, அது சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு, சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 2.1 கிலோ. 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் 143 சதுர செ.மீ. வருகிறது. அஞ்சலட்டையை விடச் சற்றே பெரிய இடம்! இரண்டு அஞ்சலட்டை நிலத்தைப் பற்றிக்கொண்டுதான் ஒரு கார் முன்னே பாய்கிறது.

இந்தக் கணக்கில் டயரின் அகலம் வரவே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எடையும் காற்றழுத்தமும் மாறாவிட்டால், அகன்ற டயரும் ஏறத்தாழ அதே பரப்பைத்தான் தொடும். குறுகிய டயரின் தடம் நீளவாக்கில் இருக்கும். அகன்ற டயரின் தடம் குறுக்குவாக்கில் இருக்கும். அவ்வளவே.

அப்படியானால் பந்தய டயர்கள் ஏன் அவ்வளவு அகலம்? பள்ளியில் நாம் படிக்கும் உராய்வு விதி, உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்கிறது. மரத்துக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். ரப்பரோ வளைந்து கொடுத்து, தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். மிருதுவான ரப்பர் இன்னும் நன்றாக ஒட்டும். ஆனால் விரைவில் சூடேறிக் கிழிந்துபோகும். அகலம் இருந்தால் சூடும் சுமையும் பரவும். அதனால் மிருதுவான ரப்பரைத் துணிந்து பயன்படுத்தலாம். அகலத்தின் முதற்பயன் இதுவே. அதோடு பந்தய டயரில் காற்றையும் குறைத்து வைப்பார்கள். அழுத்தம் பாதியானால் தொடும் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். அமெரிக்காவின் பெரும் டிராக் வண்டிகளின் பின்டயர் 36 அங்குல விட்டமும் 17½ அங்குல அகலமும் கொண்டது. புறப்படும்போது அதன் பக்கச் சுவர் துணிபோலச் சுருங்கி மடிந்து, அதிர்ச்சியைத் தாங்கி, நிலத்தைப் பற்றுகிறது. சாதாரண டயரில் இப்படிக் காற்றைக் குறைத்துச் சாலையில் ஓட்டினால் பக்கச் சுவர் சூடேறி வெடித்துவிடும்.

நம் இளைஞரின் காருக்கு எவ்வளவு பிடிப்பு வேண்டும்? முதல் கியரில் சக்கரங்களுக்கு வந்து சேரும் திருப்புவிசை 1500 நியூட்டன் மீட்டர் என்று கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 0.31 மீட்டர். வகுத்தால், சாலையைப் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 4,840 நியூட்டன். ஆனால் கார் பாயும்போது பேருந்து புறப்படுகையில் நாம் பின்னால் சாய்வதுபோல, எடையும் பின்பக்கம் சாயும். இந்தக் காரில் சுமார் 80 கிலோ முன்சக்கரத்தை விட்டுப் பின்னே போகும். மிஞ்சுவது 520 கிலோ. சாதாரண டயரின் உராய்வு எண் 0.8 என்றால், 520 × 9.8 × 0.8 = ஏறத்தாழ 4,080 நியூட்டன். எஞ்சின் கொடுப்பதைச் சாலை வாங்கிக்கொள்ள முடியவில்லை. சக்கரம் வீணாகச் சுழன்று புகைகிறது. உராய்வு எண் 1.1 உள்ள மிருதுவான டயரைப் போட்டால், எடைச் சாய்வைக் கழித்த பின்னும் 5,300 நியூட்டன் வரை தாங்கும். போதும்! இதற்கு மேல் அகலம் சேர்ப்பது இரும்பையும் ரப்பரையும் சுமப்பதே. பின்சக்கரங்களால் இயங்கும் வண்டிக்கு இந்தச் சாய்வு உதவி. முன்சக்கர வண்டிக்கு உபத்திரவம். பின்னால் அகன்ற டயரை மாட்டி அழகு பார்க்கும் சிறு கார்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அடுத்து, டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்கள். நம் இளைஞரின் வண்டியில் 165/80 ஆர் 14 என்றிருந்தது. அகலம் 165 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ.; ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. மேலும் கீழும் இரு சுவர்களைக் கூட்டினால் மொத்த விட்டம் 619.6 மி.மீ. நண்பர் ஒருவர் அவருக்குச் சொன்ன அளவு 205/65 ஆர் 15. அதன் விட்டம் 647.5 மி.மீ.; நாலரைச் சதவீதம் அதிகம். வேகமானி 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.7 கி.மீ. வேகத்தில் போகும். ஆரம் கூடியதால் புறப்படும் விசை 4,840-லிருந்து 4,630 நியூட்டனாகக் குறையும். பந்தயத்துக்காகச் செலவு செய்து இழுவையை இழப்பதா? இத்துடன் சக்கரத்தின் ஆரம் 14 மி.மீ.யும், பக்கத்துக்கு 20 மி.மீ. அகலமும் கூடுவதால் மட்கார்டில் உரசும் என்ற கடைக்காரரின் சொல்லும் பலித்துவிடும். 5½ அங்குலத்துக்குக் குறைந்த அகலமுள்ள ரிம்மில் இந்த டயரை ஏற்றினால் அது பலூன்போலப் பிதுங்கி, வளைவில் தள்ளாடும்.

185/65 ஆர் 15-ஐப் போட்டுப் பாருங்கள்: 381 + 120.25 + 120.25 = 621.5 மி.மீ. பழைய விட்டத்துக்கும் இதற்கும் இரண்டே மில்லிமீட்டர் வித்தியாசம். விட்டம் இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருப்பதே நல்ல தேர்வு. பெரிய ரிம்மும் ஒல்லியான பக்கச் சுவரும் பார்க்க மிடுக்காக இருக்கும்; வளைவுகளில் உதவவும் செய்யும். நேர்ப்பாய்ச்சலுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு: சிறிய ரிம், உயர்ந்த மெத்தென்ற சுவர்.

அளவுக்குப் பின்னால் இன்னும் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். 85 டி என்றால், டயர் ஒன்று 515 கிலோ தாங்கும், மணிக்கு 190 கி.மீ. வரை ஓடும் என்று பொருள். புதிய டயர் இதற்குக் குறையலாகாது.

மழை வந்தால்? டிராக் டயரில் பள்ளக்கோடுகள் இல்லை, அல்லது மிகக் குறைவு. சாதாரண டயரின் கோடுகள் தண்ணீரை ஒதுக்கித் தள்ளுகின்றன. கோடு இல்லாத டயர் நீரின் மேல் மிதந்துவிடும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. கார் டயர்களில் 1.6 மி.மீ. ஆழமாவது இருக்க வேண்டும் என்று நம் நாட்டு விதி சொல்வது இதனால்தான். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை வழியாகத் தருமபுரி செல்லும் சாலையில் ஐப்பசி மழையில் தக்காளி லாரிகளுக்கு நடுவே அத்தகைய டயரில் போவதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. பொதுச் சாலையில் வேகப்போட்டி நடத்துவதையே 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவில் தடை செய்கிறது.

ஆகவே அனுபவசாலிகள் இரண்டு ஜோடி சக்கரம் வைத்திருப்பார்கள். தடம் வரைக்கும் சாதாரண டயரில் ஓட்டிப்போய், அங்கே ஜாக்கி போட்டு இயங்கும் சக்கரங்களில் மட்டும் மிருதுவான டயர்களை மாட்டுவார்கள். பந்தயம் முடிந்ததும் கழற்றி டிக்கியில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவார்கள். நம் இளைஞர் பஞ்சர் கடைப் பலகையில் சாக்கட்டியால் இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தார். பிறகு டயர் எதுவும் வாங்காமல், இருந்த நான்கிலும் 30 காற்று வைத்துக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பினார்.