பி.இ. இல்லாமல் இன்ஜினியர் ஆக முடியுமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

குடியாத்தம் பஸ் ஸ்டாண்டில் காலையில் ஆம்பூர், பேரணாம்பட்டு பஸ்ஸுக்காக நிற்பவர்களில் டிப்ளமோ முடித்தவர்கள் நிறைய பேர். தோல் தொழிற்சாலையில் மெஷின் மெயின்டனன்ஸ், பாய்லர், கழிவுநீர் சுத்திகரிப்பு என்று பத்து வருஷ அனுபவம் இருக்கும். ஆனால் புரமோஷன் என்று வந்தால், “பி.இ. இருக்கா?” என்ற கேள்விதான் முதலில் வரும். “ஒரே வருஷத்தில் டிகிரி, கிளாஸுக்கே வர வேண்டாம்” என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்து நிற்பதும் அப்போதுதான்.

அதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், நேர்வழிகள் என்னென்ன என்று பார்த்துடலாம்.

முதலில், உங்களுக்கு வேண்டியது எது?

டாக்டருக்கு மருத்துவ கவுன்சில், வக்கீலுக்கு பார் கவுன்சில் இருப்பது போல, எல்லா இன்ஜினியர்களையும் பதிவு செய்ய நம் நாட்டில் ஒரே சட்டம் இல்லை. அதனால் டிகிரிக்கு இணையான தகுதி வேறு, குறிப்பிட்ட வேலைக்கான உரிமம் வேறு. எதற்காகத் தேடுகிறோம் என்று தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஏ.எம்.ஐ.இ.: தேதியைப் பாருங்க

இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் இன்ஜினியர்ஸ் (இந்தியா) 1920-ல் தொடங்கி, 1935-ல் அரச சாசனம் பெற்ற அமைப்பு. வேலை பார்த்துக்கொண்டே இதன் ஏ, பி என்ற இரண்டு பிரிவுத் தேர்வுகளை எழுதி இன்ஜினியர் ஆனவர்கள் பல தலைமுறை. அரசுப் பணிகளுக்கும் இது பி.இ.க்கு இணையாக ஏற்கப்பட்டு வந்தது.

இங்கே முக்கியமான தேதி 31.5.2013. அந்தத் தேதிக்குள் சேர்ந்தவர்களுக்குத்தான் மத்திய அரசின் பழைய அங்கீகாரம் தொடர்கிறது. தேர்வில் பாஸ் ஆன தேதி இல்லைங்க, சேர்ந்த தேதிதான் கணக்கு. 2013-க்கு முன் சேர்ந்து பாதியில் விட்டவர்கள் பழைய சேர்க்கை ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, தொடர முடியுமா என்று அந்த அமைப்பிடமே கேட்கலாம். அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள், இப்போது சேர நினைப்பவர்கள், “இது பி.இ.க்குச் சமம்” என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். விண்ணப்பிக்கப் போகும் வேலையின் அறிவிக்கையில் கல்வித்தகுதிப் பகுதியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வேலையை விடாமல் பி.இ.

டிப்ளமோ முடித்தவர்கள் நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ.யில் சேரலாம். வேலையை விட முடியாதவர்களுக்குப் பகுதிநேர பி.இ. இருக்கு. நம்ம பக்கத்தில் வேலூர் பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி இதற்கான கல்லூரிகளில் ஒன்று. டிப்ளமோவுக்குப் பிந்தைய பணி அனுபவச் சான்று கேட்பார்கள். இப்போதே கம்பெனியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாடப்பிரிவு, எத்தனை இடம் என்பதை அந்தந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பில் பார்க்கவும்.

டிகிரி கேட்காத “இன்ஜினியர்” சான்று

தோல் தொழிற்சாலைக்கு நீராவி வேண்டும், அதற்கு பாய்லர் வேண்டும். பெரிய பாய்லர்களைக் கவனிக்க, தகுதிச் சான்று பெற்ற பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் தேவை. இதற்கு 2011-ல் வந்த மத்திய விதிகள் உண்டு. உரிய பிரிவில் டிப்ளமோவும் பாய்லர் அனுபவமும் இருந்தால் இந்தத் தேர்வை எழுதலாம். அறிவிப்பு மாநிலக் கொதிகலன்கள் இயக்ககத்திலிருந்து வரும். பாய்லர் பக்கத்திலேயே பல வருஷம் நின்றவர்களுக்கு இது கையில் இருக்கும் வாய்ப்பு.

சிவில் படித்தவர்களா? வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட உள்ளாட்சி அமைப்பில் பதிவு வேண்டும். எந்தப் படிப்புக்கு, எத்தனை வருஷ அனுபவத்துக்கு என்ன பதிவு என்பதைத் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 சொல்கிறது. “டிகிரி இல்லையே” என்று நீங்களே முடிவு கட்டாமல் குடியாத்தம் நகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் ஒருமுறை கேளுங்கள்.

ஏமாறாமல் இருக்க...

உரிய அனுமதி இல்லாமல் சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டத்தைக் காட்டி வேலையும் புரமோஷனும் வாங்கியவர்கள்கூடத் தவித்துப்போனார்கள். எனவே:

• ஏ.ஐ.சி.டி.இ. இணையதளத்தில் கல்லூரியின் பெயர், பாடப்பிரிவு இரண்டும் இருக்கிறதா என்று மொபைலிலேயே பாருங்கள்.

• “இணையான தகுதி” என்றால் அதற்கான அரசு ஆணையின் எண், தேதி கேளுங்கள். ஆணையில் கடைசித் தேதி ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

• ஏஜென்ட்டின் சொந்த எண்ணுக்கு ஜிபே பண்ணாதீங்க. கட்டணம் நிறுவனத்தின் கணக்குக்கே போகணும், ரசீதும் வரணும்.

• ஏற்கெனவே பணம் கொடுத்து ஏமாந்திருந்தால் தயங்காமல் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆன்லைனில் கட்டியிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

பத்து வருஷ அனுபவம் சும்மா கிடைத்தது இல்லை. அதற்கு மேல் வாங்கும் சான்றிதழும் எங்கே காட்டினாலும் செல்லுபடியாக வேண்டும். சரிபார்க்க அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.