கொசுக்களை அடக்கும் தாவர மருந்துகள்

கிராமங்களிற் கடன் தவணை தவறுவதற்குரிய காரணங்களைக் கணக்கெடுத்தால், மழை பொய்த்தல், மாடு மடிதல், விலை வீழ்தல் என்பவற்றோடு ஜுரத்தையும் சேர்த்தல் வேண்டும். நடவு சமயத்திற் குடும்பத்தலைவன் பத்து நாள் படுக்கையிற் கிடந்தால் அவ்வருஷத்து வெள்ளாமை குறைகிறது, கூலி நஷ்டமாகிறது, வைத்தியச் செலவும் சேர்கிறது. யானைக்கால் வியாதி முற்றியவனோ ஆயுள் முழுவதும் உழைப்புத் திறனை இழந்து நிற்கிறான். மலேரியா, யானைக்கால், டெங்கு, மூளைக்காய்ச்சல் ஆகிய இவையெல்லாம் கொசுக்களாற் பரவுகின்றவை. ஆகவே, கொசுவை அடக்குவது சுகாதார இலாகாவின் வேலை மாத்திரமன்று. கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் ஒவ்வொருவருடைய பொருளாதார நன்மையையும் பற்றிய விஷயமாகும்.

கொசுவின் இயல்பு

யானைக்கால் வியாதிக்குரிய நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் சீன தேசத்து அமாய் நகரில் பாட்ரிக் மான்ஸன் என்பவர் கண்டார். மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் வளர்வதை 1897-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். இவ்விரண்டு கண்டுபிடிப்புகளுக்குப் பின்னரே, ஜுரத்தைத் தடுக்கக் கொசுவைத் தடுக்க வேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது.

கொசுக்கள் எல்லாம் ஓரினமல்ல. மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு, உட்காரும்போது பின்புறத்தை உயரத் தூக்கி வைத்துக்கொள்ளும். கிணறு, வாய்க்கால், கசிவு நீர் முதலிய தெளிந்த ஜலத்தில் முட்டையிடும். யானைக்கால் வியாதியைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் அழுக்கு நீரிலும் பெருகும். மூளைக்காய்ச்சலைப் பரப்பும் க்யூலெக்ஸ் இனங்கள் நெல் வயல்களில் விருத்தியாகின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிற் கடிப்பது. வீட்டுத் தொட்டி, உடைந்த சட்டி, தேங்காய்ச் சிரட்டை ஆகியவற்றில் தேங்கும் நீரே அதற்குப் போதும்.

எந்த இனமாயினும் முட்டை, கூத்தாடிப் புழு, கூட்டுப்புழு என்னும் மூன்று பருவங்களையும் நீரிற் கழித்த பின்னரே கொசுவாகிப் பறக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய எட்டு முதற் பத்து நாட்களாகும். ஆதலால், வாரம் ஒரு முறை தவறாது செய்யப்படும் வேலையே பயன் தரும். மாதம் ஒரு முறை செய்வது வீண் செலவு.

பைரெத்திரம்: பட்டுக்கோட்டை தந்த பாடம்

1934-இல் மேட்டூர் அணை பூர்த்தியாகி, கல்லணைக் கால்வாயின் மூலம் தஞ்சை ஜில்லா பட்டுக்கோட்டைப் பிரதேசத்துக்குப் பாசனம் வந்தது. நீரோடு நெல்லும் வந்தது, மலேரியாவும் வந்தது. கால்வாய்க் கரைக் கசிவு, மண் வெட்டியெடுத்த பள்ளங்கள், வடிகாலில்லாத தேக்கங்கள் ஆகியவை கொசு வளரும் இடங்களாயின. ராக்பெல்லர் ஸ்தாபனத்தைச் சேர்ந்த டாக்டர் பால் ரஸ்ஸலும் அவருடைய சகாக்களும் இதனை ஆராய்ந்து, பாசனத்தினாலன்று, பாசனத்தை ஒழுங்கின்றி நடத்துவதினாலேயே ஜுரம் பரவியதென்று எடுத்துக்காட்டினர்.

அவர்கள் அங்கே பரிசோதித்த முறைகளுள் ஒன்று பைரெத்திரம் தெளித்தல். பைரெத்திரம் என்பது சாமந்தி இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பூ. உலர்ந்த பூவின் சத்தை மண்ணெண்ணெயில் இறக்கி, வாரந்தோறும் வீடுகளுக்குள் தெளித்தனர். இரவில் இரத்தம் குடித்த அனாபிலிஸ் கொசு பகலில் வீட்டுச் சுவரிலும் மாட்டுக் கொட்டிலிலும் இளைப்பாறும் வழக்கமுடையது. அந்தச் சமயத்தில் இம்மருந்து பட்டால் அதன் நரம்பு கெட்டு விழுந்து மடிகிறது. மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் முதிர்ந்து பிறருக்குத் தொற்றும் நிலையை அடைய ஒரு வாரத்துக்கு மேலாகிறது. அதற்குள் கொசு மடிந்தால் ஜுரம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் செல்லும் வழி அறுபடுகிறது. ஊரிலுள்ள கொசுவையெல்லாம் ஒழிக்காமலே வியாதியைக் குறைக்கலாமென்பது இம்முறையின் சிறப்பு.

இதற்கு ஒரு குறையும் உண்டு. பைரெத்திரத்தின் சத்து வெயிலில் விரைவிற் கெட்டுவிடும். சுவரில் நெடுநாள் நிற்காது. ஆகையால், பல மாதம் சுவரில் நிற்கும் டி.டி.டி. 1940-களில் வந்ததும் இப்பூ பின்தள்ளப்பட்டது. பின்னர்ப் பல இடங்களிற் கொசுக்கள் டி.டி.டி.க்குப் பழகிவிட்டன. இன்று கொசு வலைகளில் ஏற்றப்படும் மருந்துகள் பைரெத்திரத்தின் சத்தைப் பார்த்து ரசாயன சாலையிற் செய்யப்பட்டவையே. அவற்றுக்கும் பழகிய கொசுக்கள் தோன்றியிருப்பதால், ஒரே மருந்தை நம்பியிருத்தல் தகாதென்பது தெளிவு.

வேம்பு

நம் கிராமங்களில் விலையின்றிக் கிடைக்கும் மருந்து வேம்பு. வேப்பங்கொட்டைப் பருப்பில் அஸாடிராக்டின் என்னும் சத்து இருக்கிறது. இது புழுவை உடனே கொல்லும் விஷமன்று. புழு தோலுரித்து வளரும் முறையை இது குலைக்கிறது. தோலுரிக்க மாட்டாமல் அது சில நாட்களில் மடிகிறது. மறுநாளே தேக்கத்தை எட்டிப் பார்த்து, கூத்தாடிப் புழு நெளிவதைக் கண்டு, மருந்து பயனற்றதென்று கைவிடுவோர் பலர். கொசுவாகப் பறப்பவை குறைகின்றனவா என்று பார்ப்பதே சரியான சோதனை.

வேப்பெண்ணெய் தண்ணீரோடு தானே கலவாது. சவுக்காரக் கரைசலை எண்ணெயில் விட்டு நன்றாகக் கலக்கிப் பால் போலாக்கி, அதன் பிறகே நீர் சேர்த்துத் தெளித்தல் வேண்டும். இச்சத்தும் வெயிலிற் கெடுவதாதலால், மாலை வேளையில் தெளிப்பதும் வாரந்தோறும் திரும்பச் செய்வதும் அவசியம். கடையில் விற்கும் வேம்பு மருந்துகளை அவற்றின் சீட்டிற் குறித்த அளவுப்படியே உபயோகிக்க வேண்டும்.

நெல் வயல்களுக்கு வேப்பம் பிண்ணாக்கு ஏற்றது. மதுரையிலிருந்த பூச்சியியல் ஆராய்ச்சி நிலையத்தார் ஹெக்டேருக்கு 500 கிலோ வீதம் பிண்ணாக்குத் தூளை வயலிலிட்டுச் செய்த பரிசோதனையின் முடிவு 1992-இல் பிரசுரமாயிற்று. க்யூலெக்ஸ் இனப் புழுக்கள் வெகுவாகக் குறைந்தன. வயலில் நீரை விட்டுவிட்டுப் பாய்ச்சும் முறையையும் சேர்த்துக் கையாண்டபோது பயன் இன்னும் மிகுந்தது. பிண்ணாக்கு உரமுமாகையால் குடியானவருக்கு இச்செலவு முழுவதும் மருந்துச் செலவாகாது.

உடலிற் பூசுவதற்கும் வேப்பெண்ணெய் உதவும். 100 பங்கு தேங்காயெண்ணெயில் 2 பங்கு வேப்பெண்ணெய் கலந்து பூசியவர்களை அனாபிலிஸ் கொசுக்கள் இரவெல்லாம் பெரும்பாலும் அணுகவில்லையென்று டில்லி மலேரியா ஆராய்ச்சி நிலையத்தார் 1993-இல் வெளியிட்டனர். எல்லா இனக் கொசுக்களிடத்தும் எல்லா ஊர்களிலும் இதே அளவு பயன் கிட்டுவதில்லை. ஆகவே இது கொசு வலைக்குத் துணையேயன்றி வலைக்குப் பதிலாகாது. நொச்சித் தழைப் புகை கொசுவை விரட்டும். ஆயினும் அடைத்த அறையில் புகை போடுவது கண்ணுக்கும் சுவாசத்துக்கும் கெடுதி.

எச்சரிக்கை

தாவரப் பொருளாதலால் தீங்கில்லை என்று எண்ணுவது தவறு. வேப்பெண்ணெயைச் சிசுக்களுக்கு உள்ளுக்குக் கொடுத்ததால் வலிப்பும் மரணமும் நேர்ந்திருக்கின்றன. பைரெத்திரம் மீன்களைக் கொல்லும். மீனுள்ள குளத்தில் அதனை விடலாகாது. குடிநீரில் எந்த மருந்தையும் கலத்தல் கூடாது. பாத்திரத்தைத் துணியால் இறுக மூடி, வாரம் ஒரு முறை கவிழ்த்து உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலே முறை. ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, நீரின்றியே பல மாதம் உயிரோடிருக்கும் என்பதை மறத்தலாகாது.

சங்கத்தார் செய்யத்தக்கவை

1. ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பம் பழத்தை அங்கத்தினர் குடும்பத்தார் பொறுக்கி, சதை நீக்கி, கொட்டையை நிழலில் உலர்த்திச் சங்கத்துக்கு விற்கலாம். ஈரக்கொட்டை பூஞ்சணம் பிடிக்கும். காற்றோட்டமுள்ள சாக்கில் வைத்து அவ்வருஷத்துக்குள் உபயோகிக்க வேண்டும்.

2. எண்ணெய், பிண்ணாக்கு, தெளிக்குங் கருவி ஆகியவற்றைச் சங்கத்தின் பேரில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். சரக்கின் தரத்தையும் கேட்டு வாங்கலாம்.

3. வாரத்தில் ஒரு நாளைக் கிராமம் முழுவதற்கும் கொசு ஒழிப்பு நாளாகக் குறித்து, தெருத்தோறும் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும்.

4. பள்ளங்களை மண்ணிட்டுத் தூர்த்தல், வாய்க்காற் கசிவை அடைத்தல், வடிகால் வெட்டுதல் ஆகியவற்றை முதலிற் செய்து, மிஞ்சிய தேக்கங்களுக்கே மருந்து தெளிக்க வேண்டும்.

5. ஜுரம் கண்டவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி இரத்தம் பரிசோதிக்கச் செய்ய வேண்டும். தாவர மருந்து கொசுவுக்கேயன்றி ஜுரத்துக்கன்று.

ஒருவன் தன் வீட்டை எவ்வளவு சுத்தமாக வைத்துக்கொண்டாலும், அண்டை வீட்டுத் தொட்டியிற் பிறந்த கொசு அவனைக் கடிக்கவே செய்யும். ஒருவர் கடனுக்கு மற்றவர் ஜாமீன் நிற்பது போல, இவ்விஷயத்தில் ஊரார் அனைவரும் ஒருவருக்கொருவர் பொறுப்பாளிகள். தனித்தனியே செய்தால் வீணாகும் இவ்வேலை, சேர்ந்து செய்தால் சொற்பச் செலவில் முடியும். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு தீர்மானமாகவே கொண்டுவருதல் நலம்.