நாற்பதைத் தாண்டி மிதிவண்டி: முதல் மாதத்தைக் கடப்பது எப்படி?

வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் காற்று இறங்கிய சக்கரங்களோடு, இருக்கையில் தூசு படிந்து நிற்கும் மிதிவண்டிகளைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. வாங்கிய நாளில் அவற்றின் உரிமையாளர்களுக்கு நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும். இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை அளவு எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கலாம். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியிருக்கலாம். ஆர்வத்துடன் தொடங்கிய பழக்கம், மூன்றாவது வாரத்தில் முழங்கால் வலியாலோ இருக்கை வலியாலோ நின்றுபோயிருக்கும்.

இப்படி நின்றுபோவதற்குச் சோம்பல்தான் காரணம் என்று பலர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவன்று. இருபது ஆண்டுகளாக உட்கார்ந்தே வேலை செய்த உடலை, இருபது வயதில் ஓட்டியது போலவே ஓட்ட முயல்வதுதான் சிக்கல்.

சிங்கப்பூர் இந்தியர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை தேவைப்படுகிறது. நீரிழிவு நோய் இங்குள்ள இந்தியர்களிடையே அதிக விகிதத்தில் காணப்படுகிறது. உடல் எடைக் குறியீடு 23ஐ எட்டும்போதே ஆசியர்களுக்கு ஆபத்து கூடத் தொடங்குகிறது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரை எட்டினால் கவனம் தேவை; பெண்களுக்கு அது 80. கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடல்வாகு நம் வீடுகளில் அதிகம். பார்வைக்குக் குண்டாகத் தெரியாததால் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

டென்மார்க்கில் 50 முதல் 65 வயதுக்குட்பட்ட 50,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2016ல் வெளியானது. அந்த வயதில் புதிதாக மிதிவண்டி ஓட்டத் தொடங்கியவர்களுக்கு, ஓட்டாதவர்களைவிட இரண்டாம் வகை நீரிழிவு வரும் சாத்தியம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைவாக இருந்தது. மிதிவண்டி ஒன்றே அதற்குக் காரணம் என்று இத்தகைய ஆய்வால் அறுதியிட்டுச் சொல்ல முடியாதுதான். ஆனாலும் ‘இனிமேல் எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கு அது நல்ல பதில்.

முதலில் மருத்துவர், பிறகு மிதிவண்டி

2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்தின்கீழ், 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் ஒரு குடும்ப மருத்துவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். உடற்பயிற்சியைத் தொடங்கும் எண்ணத்தை அவரிடம் சொல்லிவிடுவது நல்லது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், காரணமில்லாத மூச்சுத்திணறல் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்க்கும்வரை மிதிவண்டியைத் தொடவேண்டாம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும் சில வகை நீரிழிவு மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கும் ஓட்டும்போது சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். சட்டைப்பையில் நான்கைந்து இனிப்பு மிட்டாய்கள் இருக்கட்டும்.

வேகமாக ஓட்டினால்தான் பலன் என்ற நினைப்பு முதல் எதிரி. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்பதே பெரியவர்களுக்கான பரிந்துரை. ‘மிதமான’ என்பதை அளக்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஓட்டிக்கொண்டே பேச முடியவேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பேச்சு இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

முதல் இரண்டு வாரங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 20 நிமிடம் போதும். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றும். தோன்றட்டும். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே புதிய பழக்கத்துக்கு இசைந்துவிடும். மூட்டுகளைச் சுற்றியுள்ள தசைநாண்கள் அவ்வளவு விரைவில் பலப்படுவதில்லை. மூச்சு வாங்குவது குறைந்துவிட்டதே என்று 20 நிமிடத்தை ஒரேயடியாக ஒன்றரை மணி நேரமாக்குபவர்களின் முழங்கால்தான் முதலில் மாட்டிக்கொள்கிறது. வாரத்துக்கு ஐந்து, பத்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போவது பாதுகாப்பானது.

முழங்கால் வலிக்கு இன்னொரு காரணம் இருக்கையின் உயரம். பாதம் முழுதும் தரையில் பதியவேண்டும் என்று இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது புதியவர்களின் வழக்கம். மிதிக்கும்போது கால் அளவுக்கு மீறி மடங்கி, முழங்காலின் முன்பக்கம் வலிக்கத் தொடங்கும். சுவரைப் பிடித்தபடி இருக்கையில் அமர்ந்து, மிதிக்கட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். கால் நேராக நீண்டால் உயரம் சரி. ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். முழங்காலின் பின்பக்கம் வலித்தால் இருக்கை அதிக உயரத்தில் இருக்கக்கூடும். ஒரு சென்டிமீட்டர் ஏற்றி இறக்கினாலே வித்தியாசம் தெரியும். கியரையும் இலேசாக வைத்துக்கொண்டு, காலை அழுத்தாமல் விரைவாகச் சுழற்றவேண்டும்.

இருக்கை வலியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, சொல்லக் கூச்சப்படுகிறார்கள். உட்காரும் எலும்புகள் பழக இரண்டு, மூன்று வாரங்கள் பிடிக்கும். மெத்தைபோன்ற தடித்த இருக்கை உறை வாங்கினால் வலி தீரும் என்று நம்பலாம். நீண்ட நேரம் ஓட்டினால் அது உரசலைக் கூட்டவே செய்யும். உள்ளே திண்டு தைத்த மிதிவண்டிக் காற்சட்டை பயன்தரும். அதற்குள் உள்ளாடை அணியக்கூடாது என்பதைக் கடைக்காரர் சொல்ல மறந்துவிடுவார்.

சிறுவயதில் கற்காதவர்களுக்கு

நம் சமூகத்தில் நடுத்தர வயதுப் பெண்கள் பலருக்கு மிதிவண்டி ஓட்டவே தெரியாது. அண்ணன் தம்பிகளுக்குக் கிடைத்த வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஐம்பதிலும் கற்கலாம். மிதிக்கட்டைகளைக் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் தரையில் பதியுமளவு இருக்கையைத் தாழ்த்தி, காலால் உந்தி உந்திப் போகவேண்டும். (இருக்கையைத் தாழ்த்துவது இந்தக் கட்டத்தில் மட்டுமே சரி.) சில நாள்களில் கால்களைத் தூக்கியபடி பத்து மீட்டர் மிதக்க முடியும். அதன்பிறகு மிதிக்கட்டைகளை மாட்டிக்கொள்ளலாம். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிவரும் பழைய முறையைவிட இது அச்சம் குறைந்தது. குறுக்குத்தண்டு தாழ்ந்த மிதிவண்டியில் ஏறி இறங்குவதும் எளிது.

ஒரு விஷயத்தைப் பெண்கள் குறிப்பாகக் கவனிக்கவேண்டும். மிதிவண்டி ஓட்டும்போது உடலின் எடையை இருக்கைதான் தாங்குகிறது. அதனால் இதயத்துக்கு நல்லதான இந்தப் பயிற்சி எலும்புக்கு அவ்வளவாக உதவுவதில்லை. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு அடர்த்தி குறையும் என்பதால், நடையும் வாரம் இருமுறை தசை வலுப்பயிற்சியும் சேரவேண்டும்.

எடை குறையுமா என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. 80 கிலோ எடையுள்ளவர் நிதானமாக ஒரு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய 300 கலோரி செலவாகும். வழியில் கோப்பிக்கடையில் இறங்கி இரண்டு முட்டைப் பரோட்டாவும் ஒரு தே தாரிக்கும் சாப்பிட்டால் அத்தனையும் திரும்பி வந்துவிடும். தராசைவிட, படியேறும்போது வரும் மூச்சையும் அடுத்த இரத்தப் பரிசோதனை முடிவையும் கவனிப்பது மனச்சோர்வைத் தவிர்க்கும்.

எங்கே ஓட்டுவது?

புதியவர்களுக்குச் சாலை வேண்டாம். பூங்கா இணைப்புப் பாதைகளே 300 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. பொங்கோல் நீர்வழிப் பூங்காவும் பிடோக் நீர்த்தேக்கமும் தொடக்கத்துக்கு ஏற்றவை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் வாடகைக்கு எடுத்து இரண்டு மூன்று வகைகளை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குவது புத்திசாலித்தனம். அங்கே காற்றையும் கணக்கில் கொள்ளவேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் சாங்கியை நோக்கிப் போகும்போது எதிர்காற்று வீசும், திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை நிலைமை தலைகீழ். ‘இவ்வளவு எளிதாக இருக்கிறதே’ என்று வெகுதூரம் போய்விட்டு, எதிர்காற்றில் வீடு திரும்ப முடியாமல் தவிப்பவர்கள் உண்டு. புறப்படும்போதே எதிர்காற்று இருந்தால் கவலையில்லை.

மிதிவண்டிப் பாதையிலும் பகிர்வுப் பாதையிலும் மணிக்கு 25 கிலோமீட்டரும், நடைபாதையில் 10 கிலோமீட்டரும் உச்சவரம்பு. மிதிவண்டிப் பாதையை ஒட்டியுள்ள, நடப்பவர்களுக்கு மட்டுமேயான பாதைகளில் 2025 ஜூலை முதல் ஓட்டக்கூடாது. இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். தலைக்கவசத்தைச் சட்டம் சாலைக்கு மட்டுமே கட்டாயமாக்கியிருந்தாலும், விழுகிறவருக்குத் தரை எங்கும் ஒன்றுதான்.

சூரியன் உதிக்கும் காலை ஏழு மணியை ஒட்டிய நேரம் சிறந்தது. வியர்வை உலராத இந்தப் புழுக்கத்தில் பகல் பதினோரு மணிக்கு ஓட்டுவது இளைஞர்களுக்கே கடினம்.

வாங்கிய பிறகு எங்கே வைப்பது என்ற கேள்வி எழும். வீவக பொதுத் தாழ்வாரத்தில் ஆட்கள் தப்பிச் செல்ல 1.2 மீட்டர் அகல வழி விடவேண்டும். இடம் போதாவிட்டால் மடக்கு மிதிவண்டி கைகொடுக்கும். மடக்கிய அளவு 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருந்தால் எம்ஆர்டியிலும் பேருந்திலும் கொண்டுசெல்லலாம். பாதி வழியில் களைத்துவிட்டால் அருகிலுள்ள நிலையத்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம்.