செவிலியரின் துக்கத்திற்கும் ஒரு நிமிடம்

காயல்பட்டினத்தில் ஒருவர் மறைந்தால் அவருடைய குடும்பம் தனித்து விடப்படுவதில்லை. ஜனாஸா தொழுகைக்கும் நல்லடக்கத்திற்கும் ஊரார் திரள்கின்றனர். கொழும்பிலும் ஹாங்காங்கிலும் உள்ள உறவினர் தொலைபேசியில் ஆறுதல் கூறுகின்றனர். ஆனால், இறுதி நாள்களில் அவருக்கு உடல் துடைத்து, வேளை தவறாமல் மருந்தளித்து, இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரிடம் யாரும் துக்கம் விசாரிப்பதில்லை. படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு அவர் அடுத்த நோயாளியிடம் செல்கிறார்.

உறவுமுறை இல்லாத காரணத்தால் பிறர் பொருட்படுத்தாத இத்தகைய துயரை, அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1989இல் வெளியான தம் நூலில் 'அங்கீகரிக்கப்படாத துக்கம்' என்று விளக்கினார். அது உள்ளேயே சேரும்போது உறக்கம் கெடும், எரிச்சல் மிகும், புதிய நோயாளியிடம் மனம் ஒட்டாது. ஆகவே செவிலியரின் துக்கத்தைக் கவனிப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி என்றே நாங்கள் கருதுகிறோம்.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலியராக இருந்த ஜொனாதன் பார்ட்டெல்ஸ் 2009இல் அதைத் தொடங்கினார். நோயாளியின் உயிர் பிரிந்ததும், மருத்துவர், செவிலியர், உதவியாளர் அனைவரும் ஏறத்தாழ ஒரு நிமிடம் அவ்விடத்திலேயே மௌனமாக நிற்பர். மறைந்தவரையும், அவரைக் காக்கத் தாங்கள் எடுத்த முயற்சியையும் அவரவர் முறையில் நினைவுகூர்வர். எச்சமயத்தவருக்கும் இது பொருந்தும்.

பணிமுறை முடிந்தபின் மூத்த செவிலியர் ஒருவர் இளையவர்களுடன் அமர்ந்து பேசுவதும் பயன் தரும். அது விசாரணையாக இருத்தல் கூடாது. மனத்தில் உள்ளதைச் சொல்ல இடமளித்தால் போதும். உறக்கமின்மையும் சோர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மனஸ் சேவை இரவும் பகலும் கட்டணமின்றி ஆலோசனை வழங்குகிறது.

குடும்பத்தினராகிய உங்களாலும் இதில் உதவ முடியும். உங்கள் இழப்பே பெரிது என்பதை நாங்கள் அறிவோம். எனினும், அந்நேரத்தின் கோபம் பெரும்பாலும் அருகில் நிற்கும் செவிலியர் மீதே முதலில் விழுகிறது. ஐயம் இருப்பின் மருத்துவரிடம் கேளுங்கள். விளக்குவது எங்கள் கடமை. செவிலியரின் கண்கள் கலங்கினால் அதைப் பலவீனமாகக் கொள்ளாதீர்கள். சில நாள்கள் கழித்து, இயலுமாயின், வார்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசிச் செல்லுங்கள். தாம் பராமரித்தவர் உடல்நலத்தோடு இருந்த காலத்தில் எப்படி வாழ்ந்தார் என்பதைச் செவிலியர் உங்களிடமிருந்துதான் அறிய முடியும்.